அலமாரியில் கிடக்கும் நூக்கை டேப்லெட் ஆக்கலாமா? – கேள்வி பதில்

மதுரை டவுன்ஹால் ரோட்டுப் பக்கம் சின்னக் கடை, போன் டேப்லெட் பழுது பார்ப்பது பிழைப்பு. போன மாதம் ஒருவரின் பழைய நூக் கலர் என்ற மின்னூல் படிக்கும் கருவியில் முழு ஆண்ட்ராய்டு ஏற்றிக் கொடுத்தேன். சங்கதி பரவி, கடைக்கு வந்தும் வாட்ஸ்அப்பிலும் ஆளாளுக்குக் கேட்கிறார்கள். எல்லோருக்கும் சேர்த்து இங்கேயே எழுதிவிடுகிறேன்.

திருமங்கலம், ஓய்வுபெற்ற ஆசிரியர்: 2011ல் மகன் அமெரிக்காவிலிருந்து கொண்டுவந்த நூக் கலர் இருக்கிறது. புத்தகம் படிக்க மட்டும்தான் ஆகும் என்றான். அது எப்படி டேப்லெட் ஆகும்?

சார், அது பிறவியிலேயே டேப்லெட்தான். பார்ன்ஸ் அண்ட் நோபிள் என்ற புத்தக நிறுவனம் 2010 நவம்பரில் 249 டாலருக்கு விட்டது. 7 அங்குலத் திரை, 800 மெகாஹெர்ட்ஸ் சிப், 512 எம்பி ராம், வெளிவந்தபோது உள்ளே ஓடியது ஆண்ட்ராய்டு 2.1. அதன் மேல் தங்கள் கடையை மட்டும் காட்டும் ஒரு முகப்பைப் போர்த்திவிட்டார்கள். அந்தப் போர்வையை விலக்குவதுதான் நம் வேலை.

இதில் ஒரு அருமையான விஷயம் உண்டு. ஆன் செய்ததும் இந்தக் கருவி முதலில் மெமரி கார்டைத்தான் பார்க்கும். கார்டில் இயங்குதளம் இருந்தால் அதை ஓட்டும், இல்லாவிட்டால் உள்ளே இருப்பதை. ஆகவே சயனோஜென்மாட் (ஆர்வலர்கள் ஆண்ட்ராய்டைத் திருத்திச் செய்த பதிப்பு) கோப்பைக் கணினி வழியாகக் கார்டில் எழுதி, நூக்கில் செருகினால் போதும். கார்டை உருவினால் உங்கள் மகன் கொடுத்த பழைய நூக் அப்படியே திரும்ப வரும். முதல் தடவை செய்கிறவர்கள் உள் நினைவகத்தில் கை வைக்கவே வேண்டாம். கெட்டால் கார்டோடு போகட்டும்.

கணினியில் எழுதும்போது எந்த டிரைவ் என்று இரண்டு தடவை பாருங்கள். நான் ஒருமுறை அவசரத்தில் கார்டு என்று நினைத்து, பக்கத்தில் செருகியிருந்த ஹார்ட் டிஸ்க்கில் எழுதிவிட்டேன். அக்கா கல்யாண போட்டோ மொத்தமும் அதில்தான் இருந்தது. அக்கா இன்னும் பேச்சுவாக்கில் குத்திக்காட்டுவாள்.

மேலூர், கல்லூரி மாணவர்: அண்ணே, கிளாஸ் 10 கார்டு போட்டும் ஆமை மாதிரி நகருது. கிளாஸ் 4 போட்ட நண்பனுக்கு நல்லா ஓடுது. எப்படி?

நல்ல கேள்வி தம்பி. கிளாஸ் எண் சொல்வது, வீடியோ மாதிரி நீளமான ஒரே கோப்பை எவ்வளவு வேகமாக எழுதும் என்பதைத்தான். இயங்குதளம் செய்யும் வேலை வேறு. இங்கே நாலு கிலோபைட், அங்கே நாலு கிலோபைட் என்று துண்டு துண்டாக எழுதிப் படிக்கும். பெரிய மூட்டையை ஒரே நடையில் தூக்குகிற லாரி, சந்து சந்தாகத் தபால் போட லாயக்கில்லை அல்லவா? அந்தக் காலத்தில் நூக் வைத்திருந்தவர்கள் தேடிப் போய் வாங்கியது சான்டிஸ்க் கிளாஸ் 4 கார்டைத்தான். நண்பனின் கார்டை ஒரு நாள் வாங்கிப் போட்டுப் பார், வித்தியாசம் தெரியும்.

சிம்மக்கல், இல்லத்தரசி: தம்பி, எல்லாம் ஏத்தியாச்சு. தமிழ் மட்டும் கட்டம் கட்டமா வருது.

நீங்கள் ஏற்றியது சயனோஜென்மாட் 7, அதாவது ஆண்ட்ராய்டு 2.3. அதில் தமிழ் எழுத்துருவே கிடையாது. எழுத்துருவைத் திணித்தாலும் கொம்பும் காலும் இடம் மாறித்தான் நிற்கும். ஆண்ட்ராய்டு 4.0ல்தான் தமிழ் ஒழுங்காக வந்தது. அதுவரை நாமெல்லாம் ஓபரா மினி என்ற உலாவியின் அமைப்புப் பக்கத்துக்குள் புகுந்து, எழுத்தைப் படமாகக் காட்டச் சொல்லித் தமிழ் படித்தவர்கள்தானே! நூக் கலருக்கு ஆர்வலர்கள் செய்த 4.2 பதிப்பு, சயனோஜென்மாட் 10.1 உண்டு. அதை எழுதுங்கள் அக்கா. கொஞ்சம் மெதுவாக ஓடும், ஆனால் தமிழ் தமிழாக இருக்கும்.

அப்புறம், நம்ம ஊர்ப் பெயரிலேயே 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டம் என்ற மின்னூல் தளம் இருக்கிறதே, சங்க இலக்கியம் முதல் அங்கே இலவசம். இந்தத் திரைக்குப் பிடிஎஃப் வேண்டாம், எழுத்து எறும்பு மாதிரி தெரியும். வலைப்பக்க வடிவத்தை இறக்கி, எழுத்தைப் பெரிதாக்கிப் படியுங்கள்.

உசிலம்பட்டி: வாட்ஸ்அப் வருமா?

வராது. இன்றைய வாட்ஸ்அப்புக்கு இந்தக் கருவியின் ஆண்ட்ராய்டு ரொம்பப் பழசு. 2.3.7க்கும் அதற்குக் கீழும் உள்ளவற்றில் கூகுள் கணக்கில் நுழைவதையே 2021 செப்டம்பரில் நிறுத்திவிட்டார்கள். வங்கி வேலையை நினைத்தும் பார்க்காதீர்கள்.

வில்லாபுரம்: அமேசானின் முதல் கிண்டில் ஃபயர் டேப்லெட் என்னிடம் உள்ளது. அதையும் இப்படிக் கார்டில் ஓட்டலாமா?

அதில் கார்டு செருகும் இடமே இல்லை. உள்ளே எழுதித்தான் ஆக வேண்டும், பாதியில் கரண்ட் போனால் ஆன் ஆகாத வெறும் செங்கல். அதை எழுப்ப ஃபேக்டரி கேபிள் என்று தனியாக ஒன்று வேண்டும். அனுபவம் இல்லாமல் இறங்காதீர்கள்.

அனுப்பானடி: கிண்டில் பேப்பர்வொயிட் புத்தகக் கருவியில் ஆண்ட்ராய்டு போட முடியுமா சார்?

அதில் இருப்பது ஆண்ட்ராய்டு இல்லை, அமேசானின் லினக்ஸ். பூட்டை உடைத்தாலும் கிடைப்பது கேஓரீடர் மாதிரி நல்ல படிப்பு மென்பொருள்தான், டேப்லெட் இல்லை. கேஓரீடருக்காக என்றால் செய்யலாம்.

சோழவந்தான்: நூக் சிம்பிள் டச்? அது கறுப்பு வெள்ளை.

அதுவும் உள்ளே ஆண்ட்ராய்டு 2.1தான், ரூட் செய்யலாம், அதாவது பூட்டைத் திறந்து முழு அதிகாரம் எடுக்கலாம். அதன் மின்மைத் திரையில் (காகிதம் போலத் தெரியும் இ-இங்க் திரை) வீடியோவே ஓட்டிக் காட்டியவர்கள் உண்டு. வேடிக்கைக்குச் சரி. சித்திரை வெயிலில் வைகைக் கரையில் உட்கார்ந்தாலும் கண் கூசாமல் படிக்கலாம் என்பதுதான் அந்தத் திரையின் பெருமை. அதை ஏன் டேப்லெட் ஆக்குவானேன்?

திருப்பரங்குன்றம்: உள்ளேயே எழுதிப் பார்த்தேன். இப்போது நூக் கலர் எழுத்துக் காட்டிவிட்டு நின்றுவிடுகிறது. போச்சா?

முதலில் பேட்டரி உப்பியிருக்கிறதா பாருங்கள். உப்பியிருந்தால் சார்ஜ் போடவே வேண்டாம். இல்லையென்றால் அதோடு வந்த கேபிளில் நிறைய சார்ஜ் ஏற்றுங்கள், சாதாரணக் கேபிளில் ஆமை வேகம்தான். பிறகு ஆன் செய்து, திரை ஒளிர்ந்ததும் பவர் பட்டனை அழுத்திப் பிடித்து அணையுங்கள். இப்படித் தொடர்ந்து எட்டு முறை பூட் ஆகாமல் நின்றால், மீட்புப் பகுதி கெடாமல் இருக்கும்பட்சத்தில், அதுவே பழைய மென்பொருளை எடுத்துப் போட்டுக்கொள்ளும். உள்ளே வைத்த புத்தகங்கள் போய்விடும். எண்ணிக்கை தவறினால் திரும்ப ஒன்றிலிருந்து தொடங்குங்கள். நான் விரல் மடக்கித்தான் எண்ணுவேன்.