சூடாகும் ஸ்விட்ச், பெயருக்கு 40 ஆம்பியர்: வாங்குவோர் கேள்வி-பதில்

கேள்வி: அப்பா வைத்திருந்த எம்.ஜி.பி. கார், 1965 மாடல். ஷெட்டில் கிடந்ததைச் சரி செய்து ஓட்டுகிறேன். ஓவர்டிரைவுக்கு டாஷ்போர்டில் புது ஸ்விட்ச் வைத்து, அதிலிருந்து நேராக சாலினாய்டுக்கு வயர் இழுத்தார் எலக்ட்ரீஷியன். கியர்பாக்ஸ் மேல் இருந்த சின்ன ஸ்விட்சையும் தேவையில்லை என்று விட்டுவிட்டார். இரண்டே நாளில் டாஷ்போர்டு ஸ்விட்ச் உருகிவிட்டது. சாலினாய்டு போய்விட்டது, இங்கிலாந்திலிருந்து வரவழைக்க வேண்டும் என்கிறார். பணம் அனுப்பலாமா? (சத்துவாச்சாரி வாசகர்)

பதில்: அனுப்பாதீர்கள். முதலில் வயரிங்கைச் சரி செய்யுங்கள்.

உங்கள் காரில் இருப்பது ஷெஃபீல்டில் செய்த லேகாக் டி நார்மன்வில் ஓவர்டிரைவ், டி-டைப். ஓவர்டிரைவ் என்பது அதே வேகத்தில் என்ஜினை மெதுவாகச் சுற்றவிடும் கூடுதல் கியர், அதை விழ வைக்கிற மின்காந்தம்தான் சாலினாய்டு. அதன் சாலினாய்டுக்குள் இரண்டு சுருள் உண்டு. ஒன்று இழுக்க, ஒன்று இழுத்ததைப் பிடித்து வைக்க. இழுக்கிற சுருள் அந்த ஒரு கணத்தில் 15 ஆம்பியருக்கு மேல் எடுக்கும். பிளஞ்சர் (சாலினாய்டு இழுக்கிற இரும்புத் தண்டு) முழுதாக உள்ளே போனதும் உள்ளிருக்கும் காண்டாக்ட் திறந்து அந்தச் சுருளைத் துண்டித்துவிடும். அதன் பிறகு 1 ஆம்பியர் அளவு போதும். பிளஞ்சர் கொஞ்சம் குறைவாகப் போய் நின்றாலும் துண்டிப்பு நடக்காது. 15 ஆம்பியரும் ஓடிக்கொண்டே இருக்கும். ஸ்விட்ச் உருகும், விட்டால் சாலினாய்டும் எரியும். உங்கள் காரில் இதுதான் நடந்திருக்க வேண்டும்.

ஆகவே வாங்க வேண்டியது 12 வோல்ட், 40 ஆம்பியர் ரிலே (சின்ன கரண்டால் பெரிய கரண்டைத் திறந்து மூடும் ஸ்விட்ச்) ஒன்று, ஃப்யூஸ் ஹோல்டர் ஒன்று, நல்ல செம்பு வயர் கொஞ்சம். பேட்டரி லைனிலிருந்து 20 ஆம்பியர் ஃப்யூஸ் வழியாக ரிலேயின் 30-ஆம் பின்னுக்கு. 87-லிருந்து சாலினாய்டுக்கு. இந்த இரண்டுக்கும் 2.5 சதுர மி.மீ. வயர் போடுங்கள். சாவி போட்டால் மட்டும் கரண்ட் வருகிற இடத்திலிருந்து மெல்லிய வயர் ஒன்று டாஷ்போர்டு ஸ்விட்சுக்கு, அங்கிருந்து கியர்பாக்ஸ் ஸ்விட்சுக்கு, அப்புறம் 86-க்கு. 85-ஐ பாடியில் எர்த் செய்யுங்கள். இந்த மெல்லிய பாதையில் கால் ஆம்பியர்கூட ஓடாது. எந்த ஸ்விட்சும் சூடாகாது.

கியர்பாக்ஸ் ஸ்விட்சைக் கட்டாயம் திரும்பப் போட வேண்டும். மூன்றாவது, நான்காவது கியரில் மட்டும் ஓவர்டிரைவ் விழ வேண்டும் என்பதற்காக வைத்தது அது. அது இல்லாமல், ஓவர்டிரைவ் விழுந்த நிலையில் ரிவர்ஸ் எடுத்தால் உள்ளே ஒரு பக்கம் மட்டும் சுற்றக்கூடிய கிளட்ச் நொறுங்கிவிடும். அந்தச் செலவோடு பார்த்தால் சாலினாய்டு விலை ஒன்றுமே இல்லை. “தேவையில்லை” என்று சொல்லி அதைக் கழற்றிய ஆளிடம் இனி இந்தக் காரைக் கொடுக்காதீர்கள்.

இன்னொன்று. எம்.ஜி.பி. நெகட்டிவ் எர்த்துக்கு, அதாவது பேட்டரியின் நெகட்டிவ் முனையைப் பாடியில் இணைக்கும் முறைக்கு, மாறியது 1967 கடைசியில்தான். உங்களுடையது யாரும் மாற்றாமல் இருந்தால் பாசிட்டிவ் எர்த். சாதாரண ரிலேக்கு இதில் கவலை இல்லை. உள்ளே டயோடு (கரண்டை ஒரு பக்கம் மட்டும் விடுவது) வைத்த ரிலே என்றால் 85, 86 இரண்டையும் இடம் மாற்றிக் கொடுக்க வேண்டும், இல்லாவிட்டால் டயோடு போய்விடும். ரிலேயின் பக்கவாட்டில் படம் போட்டிருப்பார்கள், டயோடு குறி இருக்கிறதா என்று பார்த்து, இல்லாததாகவே வாங்குங்கள்.

எல்லாம் மாட்டிய பின் சாலினாய்டு வயரில் கிளாம்ப் மீட்டர் (வயரைச் சுற்றிப் பிடித்து ஆம்பியரை அளக்கும் கருவி) வைத்துப் பாருங்கள். முள் ஒரு கணம் ஏறி 1 ஆம்பியருக்கு இறங்கினால் உங்கள் சாலினாய்டு நன்றாகவே இருக்கிறது. இறங்காவிட்டால் உடனே ஸ்விட்சை அணைத்துவிட்டு சாலினாய்டு இழுக்கிற லீவரின் அட்ஜஸ்ட்மெண்ட்டைச் சரி பாருங்கள். சாலினாய்டு இழுத்திருக்கும்போது லீவரில் உள்ள துளையும் கேஸிங்கில் உள்ள துளையும் நேராக வர வேண்டும். 3/16 அங்குலக் கம்பி இரண்டிலும் நுழைந்தால் சரி. இவ்வளவும் பார்த்தும் இழுக்கவில்லை என்றால்தான் இங்கிலாந்துக்குப் பணம்.

கேள்வி: நீங்கள் முன்பு சொன்னீர்கள் என்று கிளாம்ப் மீட்டர் வாங்கினேன். கார் பேட்டரி வயரில் வைத்தால் பூஜ்யமே காட்டுகிறது. ஏமாற்றிவிட்டார்களா? (குடியாத்தம் வாசகர்)

பதில்: விலை குறைந்த கிளாம்ப் மீட்டர் பலவும் ஏ.சி. ஆம்பியரை மட்டும்தான் கிளாம்பில் அளக்கும். கார் வேலைக்கு டி.சி. ஆம்பியர் அளப்பது வேண்டும். டி.சி. வோல்ட் அளக்கும் என்பதை டி.சி. ஆம்பியர் அளக்கும் என்று நினைத்து வாங்கியிருக்கிறீர்கள். கார் பேட்டரிக்கு என்று சொல்லிக் கேட்டீர்களா? கேட்டும் இதைக் கொடுத்திருந்தால் தாராளமாகத் திருப்பிக் கொடுங்கள்.

கேள்வி: லாரி ஹார்னுக்கு ரிலே வாங்கினேன். வண்டி 24 வோல்ட். ரிலே மேல் 12 வோல்ட் என்று போட்டிருந்ததை மாட்டி எரிந்த பிறகுதான் கவனித்தேன். கடைக்காரர் பணம் தருவாரா? (வாலாஜாபேட்டை வாசகர்)

பதில்: தர மாட்டார். தர வேண்டியதும் இல்லை.

கேள்வி: ஹெட்லைட்டுக்கு 40 ஆம்பியர் ரிலே இரண்டு வாங்கினேன். பத்து நாளில் ஒன்று உருகி, வயரும் கருகிவிட்டது. கடையில் கேட்டால் “விற்ற பொருள் வாபஸ் இல்லை” என்று போர்டைக் காட்டுகிறார்கள். என் கையில் இருப்பது எஸ்டிமேட் சீட்டு மட்டும். என்ன செய்வது? (ராணிப்பேட்டை வாசகர்)

பதில்: உங்கள் கோபம் நியாயமானது. என் பியட்டின் ஹெட்லைட்டுக்கு வாங்கிய ரிலேயும் இப்படித்தான் போனது. 30-ஆம் பின்னைச் சுற்றிப் பிளாஸ்டிக் வழிந்து சாக்கெட்டோடு ஒட்டிக்கொண்டது. பிரித்துப் பார்த்தேன். 40 என்று அச்சிட்ட டப்பாவுக்குள் காண்டாக்ட் இரண்டும் குன்றிமணியில் கால்வாசி இல்லை. அந்த அச்சுக்காகத்தான் நாம் காசு கொடுக்கிறோம், அது பொய்யாக இருந்தால் அது மோசடிதான்.

இந்த எஸ்டிமேட் சீட்டைப் பற்றி எத்தனை முறை எழுதினாலும் எனக்கு ஆறாது. கடைப் பெயர் இருக்காது, ஜி.எஸ்.டி. எண் இருக்காது, “ரிலே 2” என்று கிறுக்கியிருக்கும். பில் கேட்டால் “வரி சேர்ந்து வரும், பரவாயில்லையா?” என்பார்கள். நாமும் கொஞ்சம் மிச்சம் என்று சும்மா வந்துவிடுகிறோம். அந்த மிச்சத்துக்கு நாம் கொடுக்கிற விலை, பொருளைத் திருப்பிக் கொடுக்கிற உரிமை. நமக்கு விற்றதாகவே அவர் ஒத்துக்கொள்ள வேண்டியதில்லை என்கிற இடத்துக்கு நாமே அவரைக் கொண்டுபோய் விடுகிறோம். 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் இதைத் தெளிவாகச் சொல்லியிருக்கிறது. பிரிவு 2(47)-இன்படி பில் கொடுக்காமல் இருப்பதே முறையற்ற வணிகம். குறையுள்ள பொருளைத் திரும்ப வாங்கிப் பணம் தர மறுப்பதும் முறையற்ற வணிகம். பில்லில் கெடு எதுவும் போடவில்லை என்றால் 30 நாள் கணக்கு. சுவரில் மாட்டிய போர்டு இந்தச் சட்டத்தை அழித்துவிடாது.

உங்களுக்குப் பத்து நாள்தான் ஆகிறது. கருகிய ரிலேயைத் தூக்கிப் போடாதீர்கள். போட்டோ எடுங்கள். ஃபோனில் பணம் அனுப்பியிருந்தால் அந்தப் பதிவும் சாட்சிதான். அதை வைத்துக்கொண்டு ஒரு முறை நேரில் கேளுங்கள், பிறகு எழுத்தில் கேளுங்கள், அதற்கும் பதில் இல்லையென்றால் 1915-க்குப் போன் செய்யுங்கள். தேசிய நுகர்வோர் உதவி எண் அது. அடுத்த முறை பில் இல்லாமல் ஒரு ஃப்யூஸ்கூட வாங்காதீர்கள்.

கேள்வி: 2.5 சதுர மி.மீ. வயர், பாதி விலை. செம்பு என்றார்கள். நம்பலாமா? (ஆம்பூர் வாசகர்)

பதில்: பாதி விலைக்குச் செம்பு யாரும் தர மாட்டார்கள். அது பெரும்பாலும் செம்பு முலாம் பூசிய அலுமினியம். அலுமினியம் கரண்ட் கடத்துவது செம்பில் ஏறக்குறைய 60 சதவீதம்தான். அதனால் அதே தடிமனில் அதிகம் சூடாகும். கிரிம்ப் செய்த (முனையை நசுக்கிப் பொருத்திய) இடமும் நாளடைவில் தளர்ந்துபோகும். ஒரு இழையை பிளேடால் சுரண்டுங்கள், உள்ளே வெள்ளையாக இருந்தால் அலுமினியம். லைட்டர் நெருப்பில் காட்டினால் செம்பு இழை சிவக்கும், அலுமினியம் துவண்டு அறுந்துவிடும். காந்தம் வைத்துப் பார்ப்பது வீண் வேலை, இரண்டிலும் ஒட்டாது. கையில் எடுத்ததுமே சுருள் லேசாக இருந்தால் அங்கேயே வைத்துவிட்டு வாருங்கள்.

கேள்வி: டெல்லி வியாபாரி ஒருவரிடம் ஆன்லைனில் பழைய காருக்கான வயரிங் செட் வாங்கினேன். ₹14,000. வந்தது வேறு மாடலுக்கானது. நான் கேட்டது சரியான மாடல்தான், மெசேஜ் எல்லாம் இருக்கிறது. இப்போது போனே எடுப்பதில்லை. டெல்லிக்குப் போய் வழக்குப் போட முடியுமா என்ன? (காட்பாடி வாசகர்)

பதில்: போக வேண்டாம். 2019 சட்டத்தில், நீங்கள் குடியிருக்கிற மாவட்டத்திலேயே புகார் கொடுக்கலாம். உங்களுக்கு வேலூர் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம். சம்பவம் நடந்து இரண்டு வருடத்துக்குள் கொடுக்க வேண்டும். கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் கட்டணம் கிடையாது. வக்கீல் வைத்துத்தான் ஆக வேண்டும் என்பதும் இல்லை, நீங்களே பேசலாம். மெசேஜ்களை அச்செடுத்து, பணம் போன தேதி, பார்சல் வந்த தேதி, வந்த பொருளின் போட்டோ எல்லாவற்றையும் வரிசையாக வையுங்கள். அந்த வயரிங் செட்டை வெட்டாதீர்கள், மாட்டிப் பார்க்காதீர்கள், வந்த பெட்டியோடு அப்படியே இருக்கட்டும்.