யூரோவிஷன் போட்டியில் கோமாளித்தனமான பாடல்களுக்கு ரசிகர்கள் ஏன் இவ்வளவு ஆதரவு தருகிறார்கள்?

யூடியூபில் ஏதோ ஒரு துண்டு வீடியோ பார்த்துவிட்டுக் கேட்கிறீர்கள் என்று நினைக்கிறேன். மரப்பெட்டிக்குள்ளிருந்து கத்திக்கொண்டே வெளியே வருகிற ஒருவர், கிண்ணத்தைக் கவிழ்த்து வெட்டியது போல முடி, பளீரென்ற பச்சையில் உப்பிய கைகள், சுற்றி ரோஸ் நிற உடையில் ஆடுகிறவர்கள். அதுதான் என்றால், அது 2023இல் பின்லாந்து அனுப்பிய 'ச்சா ச்சா ச்சா'. பாடியவர் கேரியா. ஹெல்சிங்கியை ஒட்டிய வான்டாக்காரர்.

நான் அதே ஹெல்சிங்கிக்குப் பக்கத்தில் எஸ்போவில் குடும்பத்தோடு இருக்கிறேன். 'கோமாளித்தனம்' என்று படித்ததும் கோபம் வந்தது, அதனால்தான் எழுத உட்கார்ந்தேன். கேட்டவரைக் குறை சொல்லவில்லை. கோயம்புத்தூரில் இருக்கும் என் அண்ணனும் இதையேதான் கேட்டார். லிங்க் அனுப்பியதும் போன் போட்டு, "இந்தக் கூத்தைப் பார்க்கவா ராத்திரி இரண்டு மணி வரைக்கும் முழிச்சிருந்தீங்க?" என்றார். ஆமாம் அண்ணா, அதற்குத்தான்.

தெரியாதவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்கிறேன். யூரோவிஷன் என்பது ஐரோப்பிய நாடுகளுக்கு இடையே நடக்கும் பாட்டுப் போட்டி, 1956இலிருந்து நடக்கிறது. ஒரு நாட்டுக்கு ஒரு பாட்டு, மூன்று நிமிடத்துக்கு மேல் போகக் கூடாது. பைனலில் பாதி மதிப்பெண் நடுவர்களுடையது, பாதி மக்கள் ஓட்டு. 2023இல் ஒவ்வொரு நாட்டிலும் இசைத்துறையைச் சேர்ந்த ஐந்து பேர் நடுவர்களாக இருந்தார்கள். மக்கள் தங்கள் சொந்த நாட்டுக்கு ஓட்டுப் போட முடியாது. இதைக் கொஞ்சம் ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

இப்போது அந்தப் பாட்டு. ஒரு வாரம் முழுக்க மாடாய் உழைத்த ஒருவன் வெள்ளிக்கிழமை மாதிரி ஒரு நாளில் குடிக்கப் போகிறான். கூச்ச சுபாவம், யாரோடும் பேச மாட்டான். இரண்டாவது கிளாஸுக்கு அப்புறம் பயம் விட்டுப்போய் ஆடும் இடத்துக்கு இறங்குகிறான். கதை அவ்வளவுதான். ஆனால் முதல் பாதியில் இசை இரும்புப் பட்டறைச் சத்தமாக இருக்கும், பாட்டுக்குப் பதில் கத்தல். அவன் கூச்சம் உடையும்போது பாட்டும் உடைந்து, திடீரென்று பழைய கால நடனப் பாட்டு போல இனிமையாக மாறிவிடும். மேடையிலும் அப்படித்தான். முதலில் தனியாகப் பெட்டிக்குள் நிற்கிறவர் கடைசியில் எல்லோரோடும் சேர்ந்து ஆடுகிறார். மூன்று நிமிடத்துக்குள் ஒரு மனிதன் மாறுவதை இசை, உடை, ஆட்டம் எல்லாவற்றையும் வைத்துக் காட்டியிருக்கிறார்கள். இதைத் திட்டமிடாமல் செய்ய முடியாது. பார்க்க வினோதமாக இருப்பதால் யோசிக்காமல் செய்தது என்று முடிவு கட்டுவது நியாயமே இல்லை.

பின்லாந்தில் சில வருடம் இருந்தால் இந்தப் பாட்டு இங்கே யாரை எப்படித் தொட்டிருக்கும் என்று புரியும். இங்கே லிப்டில் பக்கத்து வீட்டுக்காரர் நின்றால் வணக்கம் சொல்வார், அதற்கு மேல் ஒரு வார்த்தை வராது. நல்லவர்கள்தான், பேச்சுதான் வராது. அந்தக் கூச்சத்தை ஒருவர் ஐரோப்பாவே பார்க்கும் மேடைக்குக் கொண்டுபோய், அதுவும் ஃபின்னிஷ் மொழியிலேயே பாடினார். 1999இல் மொழிக் கட்டுப்பாடு போனதிலிருந்து பெரும்பாலான நாடுகள் ஆங்கிலத்துக்குப் போய்விட்டன. இவர் போகவில்லை. அதுவும் புத்தக ஃபின்னிஷ் இல்லை, தெருவில் பேசுகிற ஃபின்னிஷ். நம் செந்தமிழுக்கும் பேச்சுத் தமிழுக்கும் இருக்கிற இடைவெளி அந்த மொழியிலும் உண்டு. வகுப்பில் எழுத்து மொழியைப் படித்துவிட்டுக் கடைக்குப் போனால் ஒன்றும் விளங்காது. நான் அகராதி இல்லாமல் முழுசாகப் புரிந்துகொண்ட முதல் ஃபின்னிஷ் பாட்டு இதுதான்.

அந்த வசந்த காலம் முழுக்க எங்கே போனாலும் அந்தப் பாட்டுதான். என் மகள் அப்போது மூன்றாம் வகுப்பு. பச்சைத் துணி வாங்கித் தரச் சொல்லி அடம்பிடித்தாள். கையில் உப்பலாக நிற்க வேண்டும் என்பதற்காக உள்ளே பஞ்சு வைத்துத் தைத்துக் கொடுத்தேன். பைனலுக்கு முந்தைய வெள்ளிக்கிழமை பள்ளிக்கூட வாசலில் பார்த்தால் பாதிப் பிள்ளைகள் பச்சையில் நிற்கிறார்கள். வேறு எப்போதும் என் மகளிடம் பேசாத ஒரு பையன் வந்து அவள் கைகளைத் தொட்டுப் பார்த்து, "உன்னுடையதுதான் நன்றாக இருக்கிறது, யார் தைத்தது?" என்று கேட்டானாம். வீட்டுக்கு வந்து பத்துத் தடவை சொல்லியிருப்பாள். வேற்று நாட்டிலிருந்து வந்த ஒரு பெண் குழந்தைக்கு அது என்ன என்பது, குழந்தையோடு ஊர் மாறியவர்களுக்குத் தெரியும்.

பைனல் மே 13, லிவர்பூலில். முந்தைய வருடம் ஜெயித்தது உக்ரைன், போர் நடந்ததால் அவர்களுக்காக பிரிட்டன் நடத்தியது. எங்களுக்கு இரவு பத்து மணிக்கு ஆரம்பம். கீழ் வீட்டில் தனியாக இருக்கும் ஒரு பாட்டியை மகள் கூப்பிட்டாள், அவர் வந்தே விட்டார். கையில் ஒரு தட்டு நிறைய இலவங்கப்பட்டை பன். நான் மெதுவடை சுட்டிருந்தேன். 1961இலிருந்து பின்லாந்து கலந்துகொள்வதையும், 1963, 1965, 1982 என்று மூன்று தடவை ஒரு புள்ளிகூடக் கிடைக்காமல் திரும்பியதையும் அவர்தான் சொன்னார். 2006இல் ஏதென்ஸில் லோர்டி என்ற குழு அரக்கர் வேஷம் போட்டுக்கொண்டு ஹார்ட் ராக் பாடி, பின்லாந்துக்கு முதல் வெற்றியை வாங்கிக் கொடுத்தது. இவர்கள் போனால் நாட்டுக்கே அவமானம் என்று போவதற்கு முன்னால் பேசியவர்கள் உண்டாம். ஜெயித்து வந்ததும் ஹெல்சிங்கி சந்தைச் சதுக்கம் கொள்ளாத கூட்டம். அந்தக் குழுத் தலைவரின் ஊரான ரோவனியெமியில் அவர்கள் பெயரில் ஒரு சதுக்கமே இருக்கிறது.

நடுவர் புள்ளிகளை ஒவ்வொரு நாடாக வாசிக்க, ஸ்வீடனின் லொரீன் ஏறிக்கொண்டே போனார். லிவர்பூல் அரங்கத்திலிருந்த கூட்டமோ "ச்சா ச்சா ச்சா" என்று கோஷம் போட்டது. முடிவில் ஸ்வீடனுக்கு 340, பின்லாந்துக்கு 150. அப்புறம் மக்கள் ஓட்டு. பின்லாந்துக்கு 376 என்றார்கள். எங்கள் வீட்டில் மட்டுமில்லை, அடுக்குமாடி முழுக்கக் கத்தல் கேட்டது. பாட்டி என் கையைப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்றுவிட்டார். ஸ்வீடன் தாண்ட மக்களிடமிருந்து 187 வேண்டும், கிடைத்தது 243. மொத்தம் 583க்கு 526. பின்லாந்து இரண்டாம் இடம்.

அந்த 376ஐ மறுபடி பாருங்கள். அதில் பின்லாந்துக்காரர் ஓட்டு ஒன்றுகூட இல்லை. பெரும்பாலும் அவர் பாடிய மொழியே புரியாத ஊர்க்காரர்கள் போட்டது. நடுவருக்குப் பிடிக்குமா என்று பார்த்துத் தன்னை வளைத்துக்கொள்ளாத ஒருவரை மேடையில் பார்க்கும்போது, மொழி தெரியாதவருக்கும் அது தெரிந்துவிடுகிறது. கேட்ட கேள்விக்கு என் பதில் இதுதான். வேஷத்துக்காக மட்டும் இவ்வளவு ஓட்டு விழாது. வேஷம் மட்டும் போட்டு வந்து அரையிறுதியோடு காணாமல் போனவர்கள் நிறைய.

2012இல் ரஷ்யாவிலிருந்து புரனோவோ கிராமத்துப் பாட்டிகள் வந்தார்கள். மேடையிலேயே அடுப்பு வைத்து, ஃபின்னிஷுக்கு உறவுமுறையான உட்முர்த் மொழியிலும் கொஞ்சம் ஆங்கிலத்திலும் பாடினார்கள். ஊரில் ஒரு தேவாலயம் கட்டப் பணம் சேர்க்க வேண்டும் என்பதுதான் அவர்கள் நோக்கம். அவர்களும் இரண்டாமிடம், ஜெயித்தது அன்றும் லொரீன். அவர்களையும் வேடிக்கை என்றுதான் சொன்னார்கள்.

இதைப் படித்துவிட்டு லொரீன் ரசிகர்கள் சண்டைக்கு வர வேண்டாம். அருமையான பாடகி, இரண்டு முறை ஜெயித்த முதல் பெண், அந்த வெற்றியைத் திருட்டு என்று நான் எங்கும் சொல்லவில்லை. நடுவர்களே வேண்டாம் என்றும் சொல்லவில்லை. பக்கத்து நாடுகள் ஒன்றுக்கொன்று ஓட்டுப் போட்டுக்கொள்வதைச் சமன்படுத்த அவர்கள் தேவைதான். ஆனால் குரல் வளத்தை முன்னால் வைத்துப் பார்க்கும் நடுவருக்கு, கத்திப் பாடுகிறவரிடம் இருக்கும் உழைப்பு கண்ணில் படுவதில்லை. "தமிழச்சிக்கு எதற்கு பின்லாந்துப் பற்று?" என்று கேட்கிறவர்களும் இருப்பார்கள். வரி கட்டுகிற, பிள்ளை வளர்க்கிற ஊர் மேல் பற்று இருக்கத்தான் செய்யும்.

சொல்ல வந்ததோடு சம்பந்தம் இல்லாவிட்டாலும் ஒன்று சொல்லிவிடுகிறேன். அன்றைக்கு ராத்திரி இரண்டு மணிக்குக் கட்டடமே அதிர்ந்தது, யாரும் யாரையும் எதுவும் கேட்கவில்லை. ஆனால் அதற்குச் சில வாரம் முன்னால், நான் சாயங்காலம் கடுகு, கறிவேப்பிலை தாளித்தேன் என்பதற்காக, 'சமையல் வாசனையைக் கட்டுப்படுத்தவும்' என்று கீழே அறிவிப்புப் பலகையில் காகிதம் ஒட்டினார்கள். பெயர் போடவில்லை, ஆனால் யாருக்கு என்று எல்லோருக்கும் தெரியும். கதவைத் தட்டி நேரில் சொல்லியிருக்கலாம். இன்றுவரை எனக்கு அது ஆறவில்லை. பன் கொண்டுவந்த பாட்டி அதை எழுதியவர் இல்லை, அவர் வடையை விரும்பிச் சாப்பிட்டார், அதையும் சொல்ல வேண்டும்.

சரி, உங்களுக்கு வருகிறேன். துண்டு வீடியோவை விட்டுவிட்டு மூன்று நிமிடத்தையும் முழுசாகப் பாருங்கள், பாட்டு நடுவில் மாறும் இடத்தைக் கவனியுங்கள். பிடிக்காவிட்டால் பிடிக்கவில்லை என்று தாராளமாகச் சொல்லலாம். 2023இலிருந்து போட்டியில் இல்லாத நாட்டுக்காரர்களும் இணையத்தில் ஓட்டுப் போடலாம், அதெல்லாம் சேர்ந்து ஒரு நாட்டின் ஓட்டாகக் கணக்காகிறது. கிரெடிட் கார்டு இருந்தால் போதும், இந்தியாவிலிருந்தும் போடலாம். போட்டி மே மாதம்தான் நடக்கும். அண்ணனுக்கும் சொல்லி வைத்திருக்கிறேன்.