நிலத்தை விற்காதீர்கள்

கோவில்பட்டியிலிருந்து மகனுடன் வந்திருந்த தந்தைக்கு, நேரில் சொல்லி முடிக்காததை எழுதுகிறேன்.

ஐயா, நீங்கள் பதறுவது புரிகிறது. ஆனால் ஆறுதல் சொல்லிக்கொண்டிருக்க நேரமில்லை. பணம் கட்டக் கெடு நெருங்குகிறது. செயற்கை நுண்ணறிவுப் பொறியியலில் நிர்வாக ஒதுக்கீட்டு இடம் வாங்க நிலத்தை விற்கச் சொல்கிறார் உங்கள் மைத்துனர். விற்காதீர்கள். நிலம் அவருடையது இல்லை, படிக்கப்போவதும் அவர் இல்லை.

அன்று உங்கள் மகன் வாய் திறந்தது ஒரே முறைதான். சித்தப்பா கடையில் பில் போடும் கணினி மாலையில் மட்டும் ஏன் மந்தமாகிறது என்று மூன்று நாள் நேரம் குறித்து வைத்து, ஆறு மணிக்கு ஓடும் வைரஸ் சோதனைதான் காரணம் என்று பிடித்திருக்கிறான். அதைச் சொன்னபோது அவன் முகத்தைப் பார்த்தீர்களா?

இதையே தொழிலாகச் செய்கிறவர்கள் இருக்கிறார்கள். ஒரு வங்கிச் செயலி 99.9 சதவீத நேரம் இயங்கும் என்று வாக்குக் கொடுத்தால், 30 நாளில் அது முடங்கிக் கிடக்கலாம் என்பது வெறும் 43 நிமிடம். செயலி சரியாக ஓடுகிறதா என்று இடைவிடாமல் கண்காணித்து அந்த நிமிடங்களைக் காப்பதுதான் மானிட்டரிங் வேலை. இதற்கான புரோமிதியஸ் என்ற மென்பொருள் 2012-இல் சவுண்ட்கிளவுட் என்ற இணைய இசை நிறுவனத்தில் பிறந்தது, இலவசம். பயனர்களிடமிருந்து எத்தனை கோரிக்கைகள் வந்தன, எத்தனை தோற்றன, பதில் சொல்ல எவ்வளவு நேரம் ஆனது என்று சில விநாடிக்கு ஒருமுறை செயலியிடம் கேட்டு எழுதிக்கொள்ளும். கிராஃபானா என்ற இன்னொரு மென்பொருள் அதை வரைபடமாகக் காட்டும். பழைய மடிக்கணினியில் லினக்ஸ் என்ற இலவச இயங்குதளத்தைப் போட்டு இரண்டையும் ஓட்டலாம். ஒரு சிறு இணையதளத்தை அவனே ஏற்றி, வேண்டுமென்றே மடிக்கணினியின் சேமிப்பு வட்டை (டிஸ்க்) நிரப்பட்டும். "இதே வேகத்தில் போனால் நான்கு மணி நேரத்தில் நிரம்பிவிடும்" என்று முன்கூட்டியே எச்சரிக்கும் விதியை எழுதிப் பார்க்கட்டும்.

பட்டத்துக்கு அரசுக் கல்லூரி பி.எஸ்சி. கணினி அறிவியல் போதும். 1996-இல் அட்வென்ட்நெட் என்ற பெயரில் வலையமைப்பு மேலாண்மை மென்பொருளோடு தொடங்கிய சென்னை ஸோஹோ, இன்றும் சைட்24x7 போன்ற கண்காணிப்புக் கருவிகளை விற்கிறது. பிளஸ் டூ முடித்தவர்களை உதவித்தொகை கொடுத்துப் பயிற்றுவிக்கும் பள்ளியும் அதற்கு உண்டு. விண்ணப்பிக்கட்டும், கிடைக்கும் என்று நான் உறுதி சொல்லமாட்டேன்.

இந்த வேலையில் நள்ளிரவில் தொலைபேசி அடிக்கும். எழுந்து உட்கார அவனுக்கு மனம் இருக்கிறதா என்று அவனிடமே கேட்க வேண்டும். சனிக்கிழமை அவனைத் தனியாக அனுப்புங்கள். மைத்துனர் வர வேண்டாம்.