மெட்டியும் குதிகாலும்

அன்புள்ள ஐயா,

நான் மதுரையில் கல்யாணப் போட்டோகிராபர். ஆறு வருடமாக இதுதான் தொழில். எங்கள் குழுவில் ஐந்து பேர், நான் ஒருத்திதான் பெண். போன வைகாசியில் ஒரு கல்யாணத்தில் பெண்ணுடைய பெரியம்மா என்னைக் கூப்பிட்டு, “ஏம்மா, நல்ல காரியத்துக்கு வரும்போது இப்படியா கறுப்புல வருவாங்க?” என்று கேட்டுவிட்டார். சரி என்று அடுத்த கல்யாணத்துக்குப் பட்டுப்புடவையில் போனேன். அங்கே என்னைப் பெண் வீட்டு உறவு என்று நினைத்து, வாசலில் நின்று சந்தனம் கொடுக்கச் சொன்னார்கள். இப்போது எங்கள் முதலாளி எல்லாருக்கும் கோட் தைக்கலாம் என்கிறார். பார்க்கவும் பளிச்சென்று இருக்க வேண்டும், பன்னிரண்டு மணி நேரம் வேலை செய்யவும் வசதியாக இருக்க வேண்டும். என்னதான் உடுத்துவது? காலையில் எழுந்து முதல் அடி வைக்கும்போது குதிகாலில் உயிர் போகிறது, மற்றபடி தொழிலில் ஒரு குறையும் இல்லை. உங்கள் சித்தப்பா ஸ்டூடியோ வைத்திருந்ததாக எழுதியிருந்தீர்கள். அதனால்தான் கேட்கத் தோன்றியது.

ஒரு வாசகி, மதுரை

அன்புள்ள வாசகிக்கு,

போன வாரம் ஒரு கல்யாணத்தில் மாப்பிள்ளையைப் பார்க்காமல் போட்டோகிராபரின் காலையே பார்த்துக்கொண்டிருந்தேன். பக்கத்தில் இருந்த என் மனைவி இரண்டு தடவை முழங்கையால் இடித்தாள். அந்தப் பையன் மணவறை ஓரத்தில் வலது காலில் நிற்பான், கொஞ்ச நேரத்தில் இடது காலுக்கு மாறுவான், அப்புறம் பாதத்தின் வெளி விளிம்பில் நிற்பான். அந்த நிற்பு எனக்குத் தெரியும். வீட்டுக்கு வந்து பார்த்தால் உங்கள் கடிதம்.

உடை விஷயத்தை முதலில் முடித்துவிடுகிறேன். கறுப்பு வேண்டாம். வெளிநாட்டில் கல்யாணப் போட்டோகிராபர்கள் கறுப்பு போடுகிறார்கள் என்பது வாஸ்தவம்தான், அந்தப் பெரியம்மாவுக்கு அதெல்லாம் எதற்கு? அவர் வீட்டு விசேஷம், அவர் கண்ணில் உறுத்தக் கூடாது. சிவப்பும் அடர்மஞ்சளும் வேண்டாம், கிட்டே போய் எடுக்கும்போது உங்கள் துணியின் நிறம் பெண்ணின் கன்னத்தில் போய் விழும். இது உங்களுக்கே தெரியும். மங்கலான நீலமோ பச்சையோ, பருத்தியில் ஒரு குர்தா, இரண்டு பக்கமும் ஆழமான பை வைத்துத் தைத்தது. ஆயத்த ஆடையில் பெண்களுக்குப் பை வைக்கவே மாட்டேன் என்கிறார்கள், டெய்லரிடம்தான் போக வேண்டும். வளையல், கொலுசு கூடாது, சத்தம் வீடியோக்காரரின் மைக்கில் விழும். புடவை உங்கள் இஷ்டம். ஆனால் கையில் கேமராவோடு ஹோமத்தின் பக்கம் குனியும்போது முந்தானையை யார் பார்த்துக்கொள்வார்கள்? கோட் பற்றிப் பேச ஒன்றும் இல்லை. வைகாசி மாதத்து மதுரையில் உங்கள் முதலாளியை ஒரே ஒரு முகூர்த்தம் கோட் போட்டு நிற்கச் சொல்லுங்கள், அவரே கழற்றிவிடுவார். எதை உடுத்தினாலும் வீட்டில் ஒரு தடவை சம்மணம் போட்டு உட்கார்ந்து எழுந்து, இரண்டு கையையும் தலைக்கு மேல் தூக்கிப் பாருங்கள். கண்ணாடி அதற்கப்புறம்.

முடிந்தது. இனி உங்கள் கடிதத்தில் நீங்கள் எழுத நினைக்காமல் எழுதிய அந்த வரிக்கு வருகிறேன்.

குதிகாலில் உயிர் போகிறதாம், மற்றபடி ஒரு குறையும் இல்லையாம்! கேமரா லென்ஸில் ஒரு கீறல் விழுந்தால் இப்படி ‘மற்றபடி’ போட்டு எழுதுவீர்களா? அன்றைக்கே ஓடியிருப்பீர்கள்.

என் சித்தப்பாவின் ஸ்டூடியோ கும்பகோணத்தில். 1987-ல் நான் பத்தாவது. முகூர்த்த நாள்களில் பிளாஷ் பேட்டரியைத் தோளில் மாட்டிக்கொண்டு அவர் பின்னால் போவேன். அவரிடம் யாஷிகா 124ஜி இருந்தது. மேலிருந்து குனிந்து பார்த்து எடுக்கிற கேமரா, அதனால் அவர் யாரைப் படமெடுத்தாலும் தலைவணங்கி மரியாதை செய்வது போலவே இருக்கும். ஒரு பிலிம் ரோலில் 12 படம். கெட்டிமேளம் கொட்டும்போது 11-வது படத்தில் நிற்கக் கூடாது என்று, பாதி ரோல் மிச்சம் இருந்தாலும் சுற்றிவிட்டுப் புதுசு போட்டுவிடுவார். காசு போகிறதே என்று சித்தி கத்துவாள். “தாலி கட்டுறத ரெண்டாந்தடவ கட்டச் சொல்ல முடியுமா?” என்பார்.

உடையில் அவரை அடித்துக்கொள்ள முடியாது. வெள்ளை வேட்டி, கஞ்சி போட்ட வெள்ளை அரைக்கைச் சட்டை, நெற்றியில் திருநீறு. சட்டையில் இரண்டு பை. எடுத்த ரோல் இடதில், எடுக்காதது வலதில், மாறவே மாறாது. மாமனார்கள் எழுந்து வந்து பேசுவார்கள். நீங்கள் கேட்கிற பளிச்சும் வசதியும் இடுப்புக்கு மேலே அவருக்கு முழுசாக இருந்தன.

இடுப்புக்குக் கீழே யார் பார்த்தது? விடியற்காலை நான்கு மணியிலிருந்து மத்தியானம் வரை வெறுங்கால். மணவறையில் செருப்புப் போட முடியாது. கருங்கல் தரை, அதில் ஈரம், அட்சதை, நசுங்கிய பூ. அட்சதை அரிசி ஈரக்காலில் ஒட்டிக்கொண்டால் எப்படிக் குத்தும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. நான் கீழே ரப்பர் செருப்போடு சௌகரியமாக நிற்பேன், அவர் மேலே. அம்மி மிதிக்கும்போது பெண்ணின் கால்விரலில் மெட்டி போடுவதை எடுக்க, ஈரத்தில் மண்டி போட்டு, கேமராவைத் தரையோடு தரையாக வைப்பார். எத்தனை நூறு பெண்களின் பாதத்தை அப்படிப் படமெடுத்தார் என்று கணக்கில்லை. ராத்திரி சித்தி விளக்கெண்ணெய்க் கிண்ணத்தோடு உட்கார்ந்து அவர் குதிகால் வெடிப்பில் தடவுவாள். அந்தப் பாதத்தைப் பார்த்தால் உழவு முடிந்து காய்ந்த வயல் மாதிரி இருக்கும்.

காலையில் சுவரைப் பிடித்துக்கொண்டுதான் முதல் நாலு அடி வைப்பார். அப்புறம் சரியாகிவிடும். சரியாகிவிடுகிறது என்பதால்தான் யாரிடமும் காட்டவில்லை. ஐம்பது வயதுக்குள் மணவறைப் படி ஏற முடியாமல் போனது. ஸ்டூடியோவில் உட்கார்ந்து பாஸ்போர்ட் சைஸ் படம் எடுத்தார். கேட்டவர்களிடம் “வயசாயிடுச்சு” என்றார். ஐம்பது ஒரு வயதா?

காலையில் முதல் அடியில் வலி, நடக்க நடக்கக் குறைவது, நெடுநேரம் நின்ற பிறகு மறுபடி வருவது. குதிகாலிலிருந்து விரல்கள் வரை பாதத்தின் அடியில் ஓடும் கெட்டியான தசைநார்ப்பட்டை புண்பட்டால் பெரும்பாலும் இப்படித்தான் இருக்கும். வேறு காரணமாகவும் இருக்கலாம், நான் டாக்டர் இல்லை. எலும்பு மருத்துவரிடம் காட்டுங்கள். கடினமான தரையில் வெறுங்காலோடு நிற்பது இதற்கு ஆகவே ஆகாது. உங்கள் வேலையோ அதுவேதான். வெளிநாட்டுப் போட்டோகிராபர்கள் எழுதும் யோசனைகளில் நல்ல ஷூ வாங்கு என்பது முதல் வரியில் இருக்கும். நம் ஊரில் அந்த ஷூ மண்டப வாசலிலேயே நின்றுவிடும், நாம் மட்டும் உள்ளே போவோம். அதனால் வேறு வழிதான் பார்க்க வேண்டும். மெத்தென்ற செருப்பு ஒன்றை வாங்கி, வண்டியில் வைக்காமல் மணவறைப் படிக்குக் கீழேயே விடுங்கள். இறங்கும் ஒவ்வொரு தடவையும் போடுங்கள். மண்டபத்துக்காரரிடம் ஒரு ஜமக்காளம் கேட்டு, நான்காக மடித்து, நீங்கள் அதிகம் நிற்கிற மூலையில் போட்டுக்கொள்ளுங்கள். கேட்க வெட்கமாக இருக்கிறதா? மைக் செட்டுக்காரர் தனக்கு நாற்காலி கேட்டு வாங்கி உட்காருகிறார். தோளில் இரண்டு கேமரா, அதில் ஒன்றில் தூரத்தில் இருப்பதை எடுக்கும் 70-200 லென்ஸ், எல்லாமாக மூன்று கிலோ தாண்டும். அதையும் சேர்த்து அந்தக் குதிகால்தான் தாங்குகிறது. ஐயர் மந்திரம் சொல்லும் நீண்ட நேரத்தில் ஒரு படமும் புதிதாக வராது, உட்காருங்கள். கழிவறைக்குப் போக நேரம் இருக்காது என்று தண்ணீர் குடிக்காமல் இருக்கிறீர்களா என்று கேட்கவில்லை. என்ன பதில் வரும் என்று தெரியும், கோபம்தான் வரும்.

பந்தியில் கடைசியாக உட்காரும் பழக்கத்தைப் பற்றியும் திட்ட நினைத்தேன், இன்னொரு நாள் ஆகட்டும்.

ஆடி வந்தால் முகூர்த்தம் இருக்காது, கையில் ஒரு மாதம் இருக்கும். அதில் முதல் வாரமே டாக்டரைப் பார்த்துவிட்டு எனக்கு எழுதுங்கள். பச்சையா நீலமா என்பதை அந்தக் கடிதத்தில் கேளுங்கள், சொல்கிறேன்.