முதல் வீடு வாங்கும்போது கையில் எவ்வளவு பணம் இருக்க வேண்டும்?

"விலையில் 20 சதவீதம் நம்மிடம் இருந்தால் போதும், மீதியை வங்கி தந்துவிடும் என்கிறார்களே, சரியா?" என்று கேட்டிருக்கிறீர்கள். நானும் அதை நம்பித்தான் இறங்கினேன்.

2024இல் குரோம்பேட்டையில், கட்டி 15 வருடமான அடுக்குமாடிக் கட்டடத்தில் ஒரு வீடு பார்த்தோம். இரண்டாவது மாடி, 820 சதுர அடி, பேசி முடித்த விலை 48 லட்சம். அதில் 20 சதவீதம் 9.60 லட்சம். சேமிப்பு 10 லட்சம் இருந்தது. மிஞ்சும் 40,000 ரூபாய் கிரகப்பிரவேசச் சாப்பாட்டுக்கு என்று ஒதுக்கியும் வைத்துவிட்டேன்.

கணக்கை முதலில் கலைத்தவர் வங்கி அனுப்பிய பொறியாளர். 30 லட்சத்துக்கு மேல் 75 லட்சம் வரையிலான வீட்டுக் கடனுக்கு, சொத்து மதிப்பில் 80 சதவீதம் வரை தரலாம் என்பது ரிசர்வ் வங்கியின் வரம்பு. ஆனால் அந்த மதிப்பு நாம் பேசிய விலை அல்ல. பேசிய விலை, பொறியாளர் போடும் மதிப்பு, இரண்டில் எது குறைவோ அதைத்தான் எங்கள் வங்கி எடுத்துக்கொண்டது. அவர் சுவரைத் தட்டிப் பார்த்தார், மொட்டை மாடிக்குப் போனார், 44 லட்சம் என்று எழுதிவிட்டார். கடன் 35.20 லட்சமாகச் சுருங்கியது. நான் போட வேண்டியது 12.80 லட்சம்.

அடுத்தது பத்திரச் செலவு. தமிழ்நாட்டில் முத்திரைத் தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம். 48 லட்சத்துக்கு 4.32 லட்சம். இதைச் சொத்து மதிப்பில் சேர்த்துக் கடன் கேட்க முடியாது. முழுவதும் நம் கையிலிருந்துதான் போக வேண்டும்.

இந்த இடத்தில்தான் வீட்டை விற்கும் பெரியவர் ஒரு யோசனை சொன்னார். "அரசு போட்டிருக்கும் வழிகாட்டி மதிப்பு 36 லட்சம்தானே தம்பி, பத்திரத்தில் அதையே போட்டுக்கொள்வோம். மிச்சம் 12 லட்சத்தை ரொக்கமாகக் கொடுத்துவிடுங்கள். உங்களுக்கும் செலவு குறையும்." பதிவில் எனக்கு 1.08 லட்சம் மிச்சமாகும் என்பது உண்மைதான். ஆனால் பத்திரத்தில் 36 என்று இருந்தால், 30 லட்சம் வரையிலான கடனுக்கு வரம்பு 90 சதவீதம் என்றாலும், வங்கி அதிகபட்சம் 30 லட்சம்தான் தரும். 1.08 லட்சத்தை மிச்சம் பிடிக்க 5.20 லட்சம் கடனையாவது இழக்க வேண்டும். பிறகு நான் விற்கும் காலத்தில் வாங்கிய விலை 36 என்றே கணக்காகி, லாபமும் அதற்கான வரியும் கூடும். சொத்து விற்பனைக்காக 20,000 ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்குபவருக்கு, வாங்கிய தொகை அளவுக்கே வருமான வரித் துறை அபராதம் விதிக்கலாம் என்பதையும் பணிவாகச் சொன்னேன். பெரியவர் சற்று நேரம் மின்விசிறியைப் பார்த்தார். "சரி, முழுத் தொகைக்கே எழுதிவிடுங்கள்" என்றார். அவரைவிடத் தரகருக்குத்தான் வருத்தம் அதிகம். தரகு ஒரு சதவீதம், 48,000 ரூபாய். அதில் அவர் ஒரு ரூபாயும் குறைக்கவில்லை.

சொத்தின் மீது பதிவான கடன், விற்பனை எல்லாவற்றையும் காட்டும் வில்லங்கச் சான்றில் வேறொன்று கிளம்பியது. பெரியவர் 2011இல் அதே வீட்டை வைத்து வாங்கிய கடனை எப்போதோ அடைத்துவிட்டார். ஆனால் அதற்கான ரசீது ஆவணத்தைச் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதியவில்லை. பதிவேட்டைப் பொறுத்தவரை வீடு இன்னும் அடமானத்தில் இருந்தது. அவருடைய பழைய வங்கிக் கிளையிலிருந்து ஆளை வரவழைத்து அதைப் பதிந்து முடிப்பதற்குள் ஆடி பிறந்துவிட்டது. ஆடியில் பத்திரம் கூடாது என்று அம்மா ஒரே பிடிவாதம். ஆவணி முகூர்த்த நாள் ஒன்றில்தான் பதிந்தோம். அதுவரை வாடகை மாதம் 16,000 கொடுத்தேன். அதை இந்தக் கணக்கில் சேர்க்கவே இல்லை. வில்லங்கச் சான்றைப் பதிவுத் துறை இணையதளத்தில் இலவசமாகவே பார்க்கலாம். முன்பணம் கொடுத்த பிறகு அல்லாமல், கொடுப்பதற்கு முன்பே பார்த்திருந்தால் ஆனியிலேயே முடிந்திருக்கும்.

வங்கியின் பரிசீலனைக் கட்டணம், வழக்கறிஞர், கடனுக்காகப் பத்திரத்தை ஒப்படைக்கும் ஆவணத்தின் பதிவு எல்லாம் சேர்ந்து ஏறக்குறைய 60,000. குடிபோகும் முன் குளியலறைக் கசிவு, மின்கம்பி மாற்றம், வண்ணம் என்று 1.40 லட்சம். கூட்டிப் பாருங்கள்: 19.60 லட்சம். நான் நினைத்த 9.60க்கு மேல், சொல்லிவைத்தாற்போல் சரியாக 10 லட்சம்.

வருங்கால வைப்பு நிதியிலிருந்து 4 லட்சம் எடுத்தேன். மனைவியின் 12 பவுனை அடகு வைத்து 4 லட்சம். மீதி 1.60 லட்சம் அக்கா கொடுத்தது. மாமாவுக்குத் தெரியாமல்தான் கொடுத்தாள் என்று நினைக்கிறேன்.

ஆகவே உங்கள் கேள்விக்கு என் பதில்: பழைய வீடு என்றால் விலையில் 40 சதவீதம். அவ்வளவு இல்லாவிட்டால் விலை குறைந்த வீட்டைப் பாருங்கள். புது வீடு கட்டி முடியும் முன்பே வாங்கினால் ஜிஎஸ்டியும் உண்டு. அந்தக் கணக்கு வேறு.

எங்கள் கடன் 8.5 சதவீத வட்டியில் 20 வருடத்துக்கு. மாதத் தவணை 30,547 ரூபாய். முதல் மாதம் அதில் வட்டிக்கே 24,933 போயிற்று. நகை இன்னும் அடகில்தான் இருக்கிறது. வரும் தைக்குள் மீட்டுவிடுகிறேன் என்று மனைவியிடம் சொல்லியிருக்கிறேன். போன தைக்கும் அதையேதான் சொன்னேன்.