அரிமா கினென் – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

ஜப்பானின் அரிமா கினென் பந்தயத்தில் ஓடவேண்டிய குதிரைகளை ரசிகர்களே வாக்களித்துத் தேர்ந்தெடுக்கிறார்கள் என்பதைப் பாராட்டி எழுதியிருந்தீர்கள். களைத்துப்போன குதிரையைக்கூடக் கூட்டத்தின் ஆசைக்காக ஓட வைப்பதில்தானே இது முடியும்? எனக்கு உறுத்தலாக இருக்கிறது.

ஆர்.

அன்புள்ள ஆர்.,

உங்கள் உறுத்தல் நியாயமானது. ஆனால் அதற்கான பழியை வாக்காளர்கள் மீது போடுவது சரியல்ல என்றே நினைக்கிறேன்.

டிசம்பர் இறுதியில் சிபா மாகாணத்தின் நகயாமா திடலில் நடைபெறும் இந்தப் பந்தயம், 1956இல் நகயாமா கிராண்ட் பிரீ என்ற பெயரில் தொடங்கியது. தொழில்முறை பேஸ்பாலின் நட்சத்திர ஆட்டத்துக்கு ரசிகர்கள் வீரர்களைத் தேர்ந்தெடுப்பதுபோல் குதிரைகளையும் தேர்ந்தெடுக்கட்டும் என்று விரும்பியவர், பந்தயக் கழகத்தின் அன்றைய தலைவர் அரிமா யோரியசு. 1957 ஜனவரியில் அவர் காலமானதும் பந்தயத்துக்கு அவர் பெயரே சூட்டப்பட்டது. வாக்குகளில் முதல் 10 இடங்களைப் பெறும் குதிரைகளுக்கு முன்னுரிமை உண்டு; மொத்தம் 16 குதிரைகள் வரை ஓடலாம். எனினும் வாக்கு தருவது நுழைவுரிமையை மட்டுமே. ஓட விடுவதா வேண்டாமா என்று முடிவெடுப்பவர்கள் உரிமையாளரும் பயிற்சியாளரும்தான். வாக்குகளை அள்ளிய குதிரை லாயத்திலேயே நின்றுவிடுவதும் உண்டு.

உங்கள் கவலைக்கு மிகப் பொருத்தமான உதாரணம் ஓகுரி கேப். கசமட்சு என்ற உள்ளூர்த் திடலிலிருந்து வந்து, பெரிய திடல்களின் குதிரைகளை வென்ற சாம்பல் நிறக் குதிரை அது. 1989 நவம்பரில் கியோட்டோவில் 1600 மீட்டர் பந்தயத்தை வென்ற அதை, அடுத்த வாரமே டோக்கியோவில் 2400 மீட்டர் ஜப்பான் கோப்பையில் ஓட வைத்தார்கள். அங்கே நியூசிலாந்தின் ஹோர்லிக்ஸ் என்ற பெண் குதிரையிடம் ஒரு கழுத்து நீள வித்தியாசத்தில் தோற்றது. கொடுமை என்று நான் சொல்வது இந்த அட்டவணையைத்தான், அதை வகுத்தவர்கள் ரசிகர்கள் அல்லர்.

மறு ஆண்டு இலையுதிர் காலத்தில் அது தென்னோ ஷோ என்ற பெரிய பந்தயத்தில் 6ஆவதாகவும் ஜப்பான் கோப்பையில் 11ஆவதாகவும் வந்தது. ஆயினும் அரிமா கினென் வாக்கெடுப்பில் அதற்கே முதலிடம். பணம் கட்டுவதில் மட்டும் அது நான்காம் இடத்தில் இருந்தது: வெல்லும் என்ற நம்பிக்கை குறைந்த பிறகும், ஒருமுறை பார்த்துவிட வேண்டும் என்ற பிரியம் மக்களிடம் குறையவில்லை. டிசம்பர் 23 அன்று 1,77,779 பேர் திடலில் திரண்டனர். 2500 மீட்டரில் ஆறு வளைவுகளைக் கடந்து, நேர்ப்பாதையின் ஏற்றத்தை இருமுறை ஏறவேண்டிய ஓட்டம் அது. பந்தயத்தின் வேகம் மந்தமாகவே இருந்ததால், 21 வயது ஜாக்கி டாகே யுடாகா கடைசி வளைவில் வெளிப்புறமாக அதை முன்னே கொண்டுவந்தார். மீதமிருந்த 310 மீட்டரில் மெஜிரோ ரயனைப் பின்னால் நிறுத்தி அது தன் கடைசி ஓட்டத்தை வென்றது.

ஓய்வெடுத்தால் ரசிகர்கள் மறந்துவிடுவார்கள் என்ற அச்சத்துக்கும் இதே பந்தயத்தில் பதில் உண்டு. 1992 அரிமா கினெனில் 11ஆவதாக வந்த டோகாய் டெய்யோ, காயத்தால் ஓராண்டு வேறெங்கும் ஓடாமலிருந்து, 1993இல் நேராக இதே பந்தயத்துக்குத் திரும்பி பிவா ஹயஹிடேயை வென்றது.