பணம் கட்டிப் போன காட்டில் ஓர் இரவு தூங்கினால் அத்துமீறலா?

சியாட்டில் பக்கத்தில் போத்தெல் நகரில் வசிக்கும் வாசகர் ஒருவர் எழுதியிருக்கிறார். கிரீன் கார்டு வந்து நான்கு வருடம் ஆகிறது. அலுவலக நண்பர்களோடு போய்ப் போய் மான் வேட்டை பழகிவிட்டது. வேட்டைப் பயிற்சி வகுப்பை முடித்து வாஷிங்டன் மாநில உரிமமும் வாங்கியிருக்கிறார். தென்மேற்கு வாஷிங்டனில் ஒரு மரக் கம்பெனியின் காட்டுக்குள் வண்டியோடு போய்வர, சில நூறு டாலர் கட்டி வருடாந்திர பெர்மிட்டும் எடுத்திருக்கிறார். அக்டோபரில் எச்-1பி விசாவில் இருக்கும் நண்பரைக் கூட்டிக்கொண்டு போனவர் இரவு வீடு திரும்பவில்லை. வெட்டிய மரங்களை லாரியில் ஏற்றும் இடத்தில் பிக்கப்பை நிறுத்தி இருவரும் அதிலேயே தூங்கிவிட்டார்கள். விடியற்காலையில் வந்த கம்பெனியின் ரோந்து ஆள் பெர்மிட் எண்ணைக் குறித்துக்கொண்டு வெளியேறச் சொல்ல, உடனே கிளம்பிவிட்டார்கள். மூன்றாம் நாள் கடிதம்: பெர்மிட் ரத்து, பணம் திரும்பாது, இனி நுழைந்தால் போலீஸ் புகார்.

"டெண்ட்கூட போடவில்லையே, வண்டிக்குள் தூங்கியது எப்படி கேம்பிங் ஆகும்? பணம் கட்டியவனை வெளியேற்றலாமா? நவம்பரில் எல்க் (பெரிய மான் வகை) சீசன் வருகிறது, பக்கத்து அரசு நிலம் வழியாக நடந்து உள்ளே போகலாமா? அடுத்த வருடம் சிட்டிசன்ஷிப்புக்கு விண்ணப்பிக்க வேண்டும், அதில் இது இடிக்குமா?" என்று கேட்கிறார். கடைசியில் ஒரே ஒரு வரி: நண்பர் இந்த வாசகரின் துப்பாக்கியைக் கையில் பிடித்து ஒரு போட்டோ எடுத்துக்கொண்டாராம்.

அந்தக் கடைசி வரியிலிருந்தே தொடங்குகிறேன். மற்றது எல்லாவற்றையும்விட எனக்குக் கவலை தருவது அதுதான்.

எச்-1பி போன்ற தற்காலிக விசாவில் இருப்பவர் துப்பாக்கி வைத்திருப்பதை அமெரிக்காவின் மத்தியச் சட்டம் பொதுவாகத் தடை செய்கிறது. விதிவிலக்குகளில் ஒன்று, இந்நாட்டில் முறையாக வழங்கப்பட்ட வேட்டை உரிமம் அவர் கையில் இருப்பது. ஆனால் வாஷிங்டனில் அதோடு முடிவதில்லை. இங்கே குடியிருந்து, கிரீன் கார்டு இல்லாத வெளிநாட்டவர், தான் வசிக்கும் கவுண்டியின் ஷெரிஃபிடம் (கவுண்டி காவல் தலைவர்) வெளிநாட்டவருக்கான துப்பாக்கி உரிமம் தனியாக வாங்க வேண்டும். அது இல்லாமல் துப்பாக்கி வைத்திருப்பது மாநிலச் சட்டப்படி 'சி' வகுப்புப் பெருங்குற்றம். 5 ஆண்டு சிறை வரை போகலாம். துப்பாக்கிக் குற்றத்தில் தண்டனை வந்தால் குடியேற்றச் சட்டத்தில் அதுவே நாடு கடத்தலுக்குக் காரணம் ஆகிவிடும். சில நொடி கையில் வாங்கிப் பார்த்தது 'வைத்திருத்தல்' ஆகாது என்று வாதாட இடமுண்டு. ஆனாலும் போட்டோ என்று ஒன்று இருக்கிறதே. தகுதி இல்லாதவர் என்று தெரிந்தே துப்பாக்கியைக் கொடுத்தால், கொடுத்தவருக்கும் குற்றம் உண்டு. அதனால் இது உங்கள் பிரச்சினையும்தான். நண்பருக்கு வேட்டை உரிமம் இருந்ததா என்று நீங்கள் எழுதவில்லை. இருந்ததோ இல்லையோ, அந்தப் படத்தை இனி யாருக்கும் அனுப்ப வேண்டாம், எங்கும் போட வேண்டாம். அதே சமயம் பயந்துபோய் அழித்துவிடவும் வேண்டாம். நீங்கள் ஒரு வழக்கறிஞரையும் அவர் வேறொரு வழக்கறிஞரையும் நேரில் பாருங்கள். இதில் உங்கள் இருவரின் நலனும் ஒன்றல்ல. அதுவரை இதைப் பற்றி வாட்ஸ்அப்பில் பேசிக்கொள்ளவும் கூடாது.

சரி, பெர்மிட்டுக்கு வருவோம். நீங்கள் அனுப்பிய நகலைப் படித்தேன். நான்காம் பக்கத்தில், கண்ணை இடுக்கிப் படிக்க வேண்டிய எழுத்தில், மூன்று நிபந்தனைகள் இருக்கின்றன. சூரிய உதயத்துக்கு ஒன்றரை மணி நேரம் முன்பிலிருந்து அஸ்தமனத்துக்கு ஒன்றரை மணி நேரம் பின்புவரைதான் உள்ளே இருக்கலாம். 'இரவில் தங்குதல்' கூடாது; டெண்ட், டிரெய்லர், வண்டிக்குள் உறங்குவது எல்லாமே அதில் அடங்கும். பெர்மிட் உங்களுக்கும் மனைவிக்கும் 18 வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்கும் மட்டும். ஆகவே தூங்கியது ஒரு மீறல். நண்பரைக் கூட்டிப்போனதே இன்னொரு மீறல்.

பணம் கட்டியதால் காட்டில் உங்களுக்குப் பாத்தியதை வந்துவிடவில்லை. கல்யாண மண்டபம் எடுக்கிறோம். மறுநாள் காலை சாவியைக் கொடுத்துவிட வேண்டும், சமையல்கட்டைத் தவிர வேறெங்கும் அடுப்பு மூட்டக்கூடாது என்றால் கேட்டுக்கொள்கிறோம் அல்லவா? இந்த பெர்மிட் அதைவிடவும் மெல்லியது. நிலத்துக்குள் கால்வைக்க நில உரிமையாளர் தரும் அனுமதி, அவ்வளவே. நிபந்தனையை மீறி உள்ளே இருந்த நேரத்துக்கு அந்த அனுமதி உங்களைக் காப்பாற்றாது. குத்தகை வேறு விஷயம். வேட்டைக் குழுக்கள் சேர்ந்து கம்பெனிகளிடம் குறிப்பிட்ட ஒரு பகுதியைக் குத்தகைக்கு எடுப்பதுண்டு. அந்தப் பத்திரத்தில் எழுதியிருந்தால் கேம்ப் போடலாம். உங்களிடம் இருப்பது அது அல்ல.

இதே நிபந்தனைத் தாளில் நீங்கள் கவனிக்காத இன்னொன்று இருக்கிறது: காட்டில் அடிபட்டால் கம்பெனிமீது வழக்குப் போட மாட்டேன் என்ற ஒப்புதல். அது ஏன் என்று தெரிந்துகொள்வது நல்லது. வாஷிங்டனில் 1967இல் வந்த ஒரு சட்டப்படி, பொதுமக்களைக் கட்டணமில்லாமல் வேட்டைக்கும் மீன்பிடிக்கும் கேம்பிங்குக்கும் விடுகிற நில உரிமையாளர், தான் வேண்டுமென்றே ஏற்படுத்தாத காயங்களுக்குப் பெரும்பாலும் பொறுப்பாக மாட்டார். கட்டணம் வாங்கினால் அந்தக் கவசம் போய்விடுகிறது. போன கவசத்துக்குப் பதிலாகத்தான் உங்கள் கையெழுத்து. வயதுவந்தவர் போட்ட கையெழுத்தை இங்குள்ள நீதிமன்றங்கள் பொதுவாக மதிக்கும். படுமோசமான அலட்சியத்துக்கு அது செல்லாது. ஆனால் குழந்தைக்கு அடிபட்டால், குழந்தை தன் சார்பில் கேட்கும் நஷ்டஈட்டைப் பெற்றோரின் கையெழுத்து தடுக்காது என்று மாநில உச்ச நீதிமன்றம் 1992இல் தீர்ப்பளித்திருக்கிறது. பிள்ளைகளைக் கூட்டிப்போகும் பெற்றோர் இதை நினைவில் வையுங்கள்.

பணத்தைத் திரும்பக் கேட்கலாமா? மாநிலத்தின் சிறு வழக்கு நீதிமன்றத்தில் தனிநபர் 10,000 டாலர் வரை கேட்கலாம், வக்கீலும் தேவையில்லை. ஆனால் உங்கள் பெர்மிட்டில் 'மீறினால் ரத்து, பணம் திரும்பாது' என்று வெளிப்படையாக இருக்கிறது. வழக்கு வேண்டாம் என்பது என் கருத்து. நீங்கள் அதில் எழுதித்தரும் ஒவ்வொரு வரியும், அன்று இரவு அங்கே இருந்தேன் என்று நீங்களே கொடுக்கும் வாக்குமூலம் ஆகிவிடும். போனது சில நூறு டாலர். அதற்காக இதைக் கிளற வேண்டாம்.

அடுத்து, அரசு நிலம் வழியாக நடந்து போவது. கட்டாயம் கூடாது. வேலியில்லாத, ஆளில்லாத வெற்று நிலம் என்றால், உரிமையாளர் நேரில் சொல்லவோ பலகை வைக்கவோ இல்லாதவரை நுழைவது அத்துமீறல் ஆகாது என்று இந்த மாநிலச் சட்டம் சொல்வது உண்மைதான். உங்களுக்குத்தான் கடிதமே வந்துவிட்டதே. இனி உள்ளே போனால் இரண்டாம் நிலை அத்துமீறல்: 90 நாள் சிறை, 1,000 டாலர் அபராதம் வரை. அங்கே வேட்டையாடினால் அதற்கென்று தனிக் குற்றமே இருக்கிறது. அடித்த விலங்கை எடுக்க மட்டும் நுழைந்தாலும் அதே குற்றம்தான். அப்படி விலங்கைக் கொன்றோ எடுத்தோ தண்டனை பெற்றால் உரிமங்கள் ரத்தாகி, 2 ஆண்டுகளுக்கு வேட்டை உரிமையே நிறுத்தப்படும். இதனால்தான் அரசு நிலத்தில் வேட்டையாடும்போதும் எல்லைக்கு வெகு அருகில் நின்று சுடாதீர்கள் என்று சொல்வேன். காயம்பட்ட எல்க் பத்தடி தாண்டி அந்தப் பக்கம் விழுந்தால், அனுமதி கேட்கும்வரை நீங்கள் இந்தப் பக்கமே நிற்க வேண்டியதுதான்.

சிட்டிசன்ஷிப் விண்ணப்பத்தில் ஒரு கேள்வி கைது, அதிகாரி எழுதிய குற்றச்சாட்டுச் சீட்டு போன்றவற்றைப் பற்றியது. கைதாகாமல் போன குற்றம் ஏதும் செய்ததுண்டா என்று இன்னொரு கேள்வியும் உண்டு; அதற்கான பதிலை வழக்கறிஞரிடம் கேட்டு எழுதுங்கள். கம்பெனியின் ரோந்து ஆள் காவல் அதிகாரி அல்ல. அவர் எழுதிய கடிதம் முதல் கேள்வியின் கணக்கில் வராது. அன்று ஷெரிஃபோ மாநில வனவிலங்குத் துறை அதிகாரியோ வரவில்லை, பின்னாலும் எந்தச் சீட்டும் வரவில்லை என்றால், முதல் கேள்விக்கு நீங்கள் உண்மையாகவே 'இல்லை' என்று எழுதலாம். வந்திருந்தால், தள்ளுபடியாகியிருந்தாலும் எழுதியே ஆக வேண்டும். வெறும் அத்துமீறல் ஒன்றுக்காக விண்ணப்பம் நின்றுபோவது அரிது. மறைத்தது தெரியவந்தால்தான் பெரிய ஆபத்து. துப்பாக்கிப் போட்டோ விஷயத்தைத் தீர்த்துக்கொண்ட பிறகே விண்ணப்பியுங்கள். ஆறு மாதம் தள்ளிப்போனாலும் பரவாயில்லை.

இரவு தங்கித்தான் வேட்டையாட வேண்டும் என்றால், கிஃபர்ட் பின்சோ தேசிய வனம் அந்தப் பக்கத்திலேயே இருக்கிறது. அங்கே பெரும்பாலான இடங்களில் கட்டணமில்லாமல் 14 நாள் வரை கேம்ப் போடலாம். கிளம்பும் முன் ரேஞ்சர் அலுவலகத்தைக் கூப்பிட்டு, தீ மூட்டத் தடை இருக்கிறதா, நீங்கள் போகும் சாலை திறந்திருக்கிறதா என்று கேட்டுக்கொள்ளுங்கள். உங்கள் அலட்சியத்தால் நெருப்பு காட்டுக்குப் பரவினால், அதை அணைக்கும் செலவை அரசு உங்களிடமே வசூலிக்கலாம்.